ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: ஆங்கில வாக்கிய அமைப்பை வீட்டில் பழக்கும் முறை

இலக்கணத் தேர்வில் ஒரு வாக்கியத்தைக் காட்டி ‘இது சிம்பிளா, காம்பவுண்டா, காம்ப்ளெக்ஸா’ என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடும் பிள்ளை, சொந்தமாக ஒரு பத்தி எழுதச் சொன்னால் திணறுகிறது. எல்லா வாக்கியமும் ஐந்து சொல்லில் முடிந்துவிடும். இல்லையென்றால் ‘அண்ட்’, ‘ஸோ’ போட்டு அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம் ஓடும். வகையின் பெயரைச் சொல்வது ஒரு திறமை, அந்த வகையில் எழுதுவது வேறு திறமை. பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

பிள்ளையோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், அண்ணன், அக்கா, டியூஷன் ஆசிரியர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மொத்தம் எட்டு வாரம். எல்லாமே ஒரு கணக்கைச் சுற்றித்தான் வரும்: வாக்கியத்தில் எத்தனை வினைமுற்று இருக்கிறது, அவற்றை இணைக்க எத்தனை இணைப்பு இருக்கிறது. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் வேகமாக வரும். சிம்பிள் என்றால் ஒரே முழு வாக்கியம். காம்பவுண்ட் என்றால் சம மதிப்புள்ள முழு வாக்கியங்கள் சேர்ந்தது. காம்ப்ளெக்ஸ் என்றால் ஒரு முதன்மை வாக்கியமும், தனியே நிற்காமல் அதைச் சார்ந்து வரும் சார்பு வாக்கியமும் சேர்ந்தது.

உதாரணங்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை நோட்டில் ஆங்கிலத்திலேயே எழுதட்டும்.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பேனா, பழைய தாளைக் கத்தரித்த துண்டுச் சீட்டுகள் ஐம்பது அறுபது, உதாரண வாக்கியங்களோடு வரும் மாணவர் அகராதி ஒன்று. தடித்த இலக்கணப் புத்தகம் வாங்க அவசரப்படாதீர்கள். முதல் நான்கு வாரத்துக்கு அது தேவையே படாது.

இவற்றைவிட முக்கியமானது, பிள்ளை சொந்தமாக எழுதிய பழைய கட்டுரையோ கடிதமோ இரண்டு. மனப்பாடம் செய்து எழுதியது உதவாது. அதிலிருந்து தொடர்ச்சியாகப் பத்து வாக்கியம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை சொல், முதல் சொல் எது, எத்தனை முற்றுப்புள்ளி விடுபட்டிருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். பத்தில் ஏழு ‘ஹி’, ‘ஐ’, ‘தி’ என்றே தொடங்கினால் சார்பு வாக்கியப் பயிற்சிக்கு அதிக நாள் ஒதுக்க வேண்டும். ஒரே வாக்கியம் முப்பது சொல்லைத் தாண்டி ஓடினால் மூன்றாம், நான்காம் படியில் நிதானமாக நில்லுங்கள். இந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எட்டாம் வாரம் மறுபடி வேண்டும்.

நேரம்: நாளுக்கு 20 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். முதல் 5 நிமிடம் நேற்றைய பிழையைத் திருத்தி எழுத, 10 நிமிடம் புதிதாக எழுத, கடைசி 5 நிமிடம் எழுதியதை உரக்கப் படிக்க. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து உட்காருவது பலன் தராது. பிள்ளை சோர்ந்துபோகும், அடுத்த ஞாயிறு வருவதற்குள் பாதி மறந்துவிடும்.

வார ஒதுக்கீடு இப்படி: முதல் வாரம் வினைமுற்று, இரண்டாவது சிம்பிள், மூன்றாவது காம்பவுண்ட், நான்கும் ஐந்தும் காம்ப்ளெக்ஸ், ஆறாவது ‘ஹூ’, ‘விச்’ வரும் வாக்கியங்கள், ஏழாவது ‘தட்’ வரும் வாக்கியங்கள், எட்டாவது பத்தி. பத்துக்கு எட்டு என்று தொடர்ந்து மூன்று நாள் வந்தால்தான் அடுத்த படி. வரவில்லையென்றால் அதே வாரத்தை இன்னொரு முறை நடத்துங்கள். பத்து வாரமானாலும் பரவாயில்லை.

2. வினைமுற்றைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள்

இந்த வாரம் பிள்ளை புது வாக்கியம் எதுவும் எழுத வேண்டாம். பாடப் புத்தகத்திலிருந்து நாளுக்குப் பத்து வாக்கியம் எடுத்து, வினைமுற்றுக்கு மட்டும் கீழ்க்கோடு போடட்டும்.

சோதனை எளிது. வாக்கியத்தின் காலத்தை மாற்றச் சொல்லுங்கள். இன்று நடப்பதை நேற்று நடந்ததாக மாற்றும்போது எந்தச் சொல் மாறுகிறதோ அதுதான் வினைமுற்று. ‘தி கேர்ல் சிட்டிங் நியர் தி விண்டோ இஸ் மை கசின்’ என்பதை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோனால் ‘இஸ்’ மட்டும் ‘வாஸ்’ ஆகிறது. ‘சிட்டிங்’ அசையவில்லை. ஆகவே இங்கே வினைமுற்று ஒன்றுதான். ‘இங்’ மட்டும் தனியாக நிற்கும் வடிவமும், ‘டு’ போட்டு வரும் வினையும் வினைமுற்று ஆகா. ‘ஹேஸ் பீன் வெயிட்டிங்’, ‘கேன் கம்’ போன்றவை இரண்டு மூன்று சொல்லாக இருந்தாலும் ஒன்று என்றே எண்ண வேண்டும். கட்டளைச் சொல்லுக்கு மட்டும் இந்தச் சோதனை ஒத்துவராது. ‘ரன்’ என்று ஏவினால் அதையும் ஒன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் பிள்ளைகள் சறுக்குவார்கள்.

முதலாவது, நீளத்தைப் பார்த்து வகையை முடிவு செய்வது. ‘டாக்ஸ் பார்க் வென் ஸ்ட்ரேஞ்சர்ஸ் கம்’ ஐந்தே சொல், ஆனால் காம்ப்ளெக்ஸ். ‘தி ஓல்ட் மேன் வித் தி லாங் ஒயிட் பியர்ட் வாக்ட் ஸ்லோலி டவுன் தி வெட் ரோட் இன் தி ஈவ்னிங்’ பதினேழு சொல் இருந்தும் சிம்பிள். ஏனென்றால் ‘வாக்ட்’ ஒன்றுதான் வினைமுற்று.

இரண்டாவது, தமிழில் வினை இல்லாமலே வாக்கியம் முடியும் என்பதால் வருவது. ‘அவர் டாக்டர்’ என்பது நமக்கு முழு வாக்கியம். அந்தப் பழக்கத்தில் ‘ஹி டாக்டர்’ என்று எழுதிவிடுகிறார்கள். எழுவாயிலும் இதே தொல்லை உண்டு. ‘நேற்று வந்தேன்’ என்றால் வந்தது யார் என்று வினையே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஐ’ இல்லாமல் ‘கேம் எஸ்டர்டே’ நிற்காது. ‘குளிராக இருக்கிறது’ என்பதற்கு ‘இட் இஸ் கோல்ட்’ என்று ஒரு ‘இட்’டையாவது எழுவாயாக நிறுத்தியாக வேண்டும். ‘மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது’ என்றால் ‘தேர் இஸ் எ புக் ஆன் தி டேபிள்’. கட்டளை தவிர எல்லா வாக்கியத்திலும் எழுவாய் ஒன்று, வினைமுற்று ஒன்று எழுத்தில் தெரிய வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

3. சிம்பிள் வாக்கியம்: சீட்டு அடுக்குங்கள்

தமிழில் வேற்றுமை உருபு இருக்கிறது. ‘நாய் பூனையைத் துரத்தியது’, ‘பூனையை நாய் துரத்தியது’ இரண்டிலும் துரத்தியது நாய்தான். ஆங்கிலத்தில் அந்த வேலையை இடம் செய்கிறது. ‘தி டாக் சேஸ்ட் தி கேட்’ என்பதில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் துரத்துவது பூனை ஆகிவிடும். இதை விளக்கிச் சொல்வதைவிடச் சீட்டில் காட்டுவது நல்லது. மூன்று சீட்டில் எழுதி மேசைமேல் வைத்து, பிள்ளை கையாலேயே மாற்றி அடுக்கி, ஒவ்வொரு முறையும் யார் யாரைத் துரத்தியது என்று தமிழில் சொல்லட்டும்.

பிறகு ஐந்து அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சீட்டில் அடுக்கப் பழக்குங்கள்:

எழுவாய், வினை: ‘பேர்ட்ஸ் ஃப்ளை.’
எழுவாய், வினை, செயப்படுபொருள்: ‘ஷி ரோட் எ லெட்டர்.’
எழுவாய், வினை, நிரப்பி (எழுவாய் யார், எப்படிப்பட்டது என்று சொல்வது): ‘மை அங்கிள் இஸ் எ டீச்சர்.’
எழுவாய், வினை, யாருக்கு, எதை: ‘ஹி கேவ் மீ எ பென்.’
எழுவாய், வினை, செயப்படுபொருள், அதன் நிரப்பி: ‘தே மேட் ஹிம் கேப்டன்.’

நான்காவதில்தான் பிழை அதிகம். ‘ஹி கேவ் டு மீ எ பென்’ என்று எழுதுவார்கள். ‘யாருக்கு’ என்பது முன்னால் வந்தால் ‘டு’ கிடையாது. பின்னால் வந்தால் ‘ஹி கேவ் எ பென் டு மீ’ என்று ‘டு’ வேண்டும். இன்னொரு வழக்கமான பிழை, வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வேறு சொல்லைச் செருகுவது: ‘ஐ லைக் வெரி மச் ம்யூசிக்’. ‘வெரி மச்’ கடைசிக்குப் போக வேண்டும்.

எப்படி, எங்கே, எப்போது என்று சொல்லும் சொற்களைத் தனி நிறச் சீட்டில் எழுதி, அடுக்கிய வாக்கியத்தின் பின்னால் சேர்க்கச் சொல்லுங்கள். வாக்கியம் நீண்டுகொண்டே போனாலும் அது சிம்பிளாகவே இருப்பதைப் பிள்ளை கண்ணாலேயே பார்க்கும்.

4. காம்பவுண்ட்: கமாவை நம்பாதீர்கள்

சம மதிப்புள்ள இரண்டு முழு வாக்கியங்களை இணைக்க ஆங்கிலத்தில் ஏழு சொற்கள் உண்டு: ‘ஃபார்’, ‘அண்ட்’, ‘நார்’, ‘பட்’, ‘ஆர்’, ‘யெட்’, ‘ஸோ’. தொடக்கத்தில் ‘அண்ட்’, ‘பட்’, ‘ஆர்’, ‘ஸோ’ நான்கும் போதும். இரு பக்கமும் எழுவாயும் வினைமுற்றும் முழுதாக இருந்தால் இணைப்புச் சொல்லுக்கு முன்னால் கமா: ‘ஐ கால்ட் ஹிம், பட் ஹி டிட் நாட் ஆன்சர்.’

இப்போது அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுக்க நேரம் வந்துவிட்டது. வினைமுற்றுகளின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்தால் எத்தனையோ, அத்தனை இணைப்பு இருக்க வேண்டும். இரண்டு வினைமுற்று என்றால் ஒரு இணைப்பு, நான்கு என்றால் மூன்று. ‘ஐ கால்ட் ஹிம், ஹி டிட் நாட் ஆன்சர்’ என்பதில் வினைமுற்று இரண்டு, இணைப்பு ஒன்றும் இல்லை. அதனால் பிழை. கமாவுக்கு இரண்டு முழு வாக்கியங்களைத் தாங்கும் பலம் கிடையாது. செமிகோலனுக்கு உண்டு, அதை ஓர் இணைப்பாக எண்ணலாம். ஒரே எழுவாய் அடுத்தடுத்துச் செய்யும் செயல்களைப் பட்டியல்போல எழுதும்போது மட்டும் நடுவில் வரும் கமாக்களையும் எண்ணிக்கொள்ளலாம்.

‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ இரண்டும் பார்வைக்கு இணைப்புச் சொல் மாதிரி இருக்கும், ஆனால் இணைக்காது. இவற்றுக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ செமிகோலனோ வேண்டும், பின்னால் கமா வேண்டும்.

கணக்கு சரியாக வந்தும் வாக்கியம் நன்றாக இல்லாமல் போவதுண்டு. நம் பிள்ளைகளிடம் அடிக்கடி வரும் ஒன்றைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். மனதில் ஓடுவது: ‘அவன் எழுந்து, பல் துலக்கி, பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான்.’ தமிழில் இது அழகான வாக்கியம். எச்சங்கள் வரிசையாக வந்து கடைசியில் ஒரே வினைமுற்றில் முடிகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு எச்சமும் ஒரு முழு வாக்கியமாக விரிந்துவிடுகிறது: ‘ஹி காட் அப் அண்ட் ஹி ப்ரஷ்ட் ஹிஸ் டீத் அண்ட் ஹி டுக் ஹிஸ் பேக் அண்ட் ஹி வென்ட் டு ஸ்கூல்.’ நான்கு வினைமுற்று, மூன்று இணைப்பு. பிழையில்லை, ஆனால் படிக்கக் களைப்பு.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி காட்டுங்கள். எழுவாயை ஒரு முறை மட்டும் வைத்து, ‘அண்ட்’டைக் கடைசி வினைக்கு முன்னால் மட்டும் போடுவது ஒன்று: ‘ஹி காட் அப், ப்ரஷ்ட் ஹிஸ் டீத், டுக் ஹிஸ் பேக், அண்ட் வென்ட் டு ஸ்கூல்.’ ஒரு செயலை எச்சமாகவே விட்டுவிடுவது இன்னொன்று: ‘ஆஃப்டர் ப்ரஷிங் ஹிஸ் டீத், ஹி டுக் ஹிஸ் பேக் அண்ட் வென்ட் டு ஸ்கூல்.’

இரண்டாவது வழியில் ஒரு பொறி இருக்கிறது. ‘ஆஃப்டர் ப்ரஷிங் ஹிஸ் டீத், தி பஸ் கேம்’ என்று எழுதினால் பஸ் பல் துலக்கியதாகிவிடும். இங்கே தமிழே துணைக்கு வரும். ‘பல் துலக்கிவிட்டு பஸ் வந்தது’ என்று சொல்லிக் காட்டுங்கள். பிள்ளை உடனே சிரித்துவிடும். எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நம் விதி இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

5. காம்ப்ளெக்ஸ்: சார்பு வாக்கியத்தை முன்னும் பின்னும் வைத்துப் பழகுங்கள்

இதற்கு இரண்டு வாரம் கட்டாயம் கொடுங்கள். முதல் வாரம் ‘பிகாஸ்’, ‘வென்’, ‘இஃப்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’. இரண்டாவது வாரம் ‘ஆல்தோ’, ‘வைல்’, ‘அன்டில்’, ‘அன்லெஸ்’, ‘சின்ஸ்’. நாளுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு விதமாக எழுத வேண்டும். ‘வீ ஸ்டேட் இன்சைட் பிகாஸ் இட் வாஸ் ரெயினிங்.’ ‘பிகாஸ் இட் வாஸ் ரெயினிங், வீ ஸ்டேட் இன்சைட்.’ சார்பு வாக்கியம் முன்னால் வந்தால் முடியும் இடத்தில் கமா. பின்னால் வந்தால் பொதுவாகக் கமா வேண்டாம். முதல் நாள் பார்த்த தாளில் எல்லா வாக்கியமும் ‘ஹி’ என்று தொடங்கியிருந்தால் அதற்கு மருந்து இந்த மாற்றிப்போடும் பயிற்சிதான்.

பொறிகள் இங்கே நிறைய. வரும் வரிசையிலேயே சொல்கிறேன்.

அரைகுறை வாக்கியம். ‘ஐ டிட் நாட் கம். பிகாஸ் ஐ வாஸ் இல்.’ தமிழில் ‘நான் வரவில்லை. ஏனென்றால் உடம்பு சரியில்லை’ என்று இரண்டாகப் பிரித்து எழுதுவது சரி. எழுத்து ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’ தொடங்கி வைக்கும் பகுதி தனியே நிற்காது. ‘வாக்கியத்தை பிகாஸில் தொடங்கக் கூடாது’ என்று சில வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் இந்தப் பிழைதான். அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடங்கலாம், பின்னால் முதன்மை வாக்கியம் வந்தால் போதும்.

இரட்டை இணைப்பு. ‘ஆல்தோ ஹி வாஸ் டயர்ட், பட் ஹி வென்ட் ஆன்.’ ‘பிகாஸ் இட் வாஸ் லேட், ஸோ வீ லெஃப்ட்.’ எண்ணிப் பார்த்தால் வினைமுற்று இரண்டு, இணைப்பும் இரண்டு. ஒன்று அதிகம். பிள்ளை தானாகவே ஒன்றை அடித்துவிடட்டும். எதை அடித்தாலும் சரியான வாக்கியம் கிடைக்கும், ஒன்று காம்பவுண்ட், இன்னொன்று காம்ப்ளெக்ஸ். வகை மாற்றும் தேர்வுக் கேள்விக்கும் இது நல்ல அறிமுகம்.

‘இஃப்’புக்குப் பின்னால் ‘வில்’. நாளை மழை பெய்தால் என்பதற்கு ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ’தான். ‘வில்’ முதன்மை வாக்கியத்தில் வரும். ‘வென்’, ‘அன்டில்’, ‘பிஃபோர்’ போட்டு வருங்காலத்தைச் சொல்லும்போதும் இப்படியே.

‘அன்லெஸ்’ஸோடு இன்னொரு ‘நாட்’. ‘நீ வராவிட்டால்’ என்பதை ‘அன்லெஸ் யூ டோன்ட் கம்’ என்று எழுதுவார்கள். ‘அன்லெஸ்’ஸுக்குள் மறுப்பு ஏற்கெனவே இருக்கிறது, ‘அன்லெஸ் யூ கம்’ போதும்.

6. ‘ஹூ’, ‘விச்’: பெயருக்குப் பின்னால் ஒட்டுங்கள்

தமிழ் பேசும் பிள்ளைக்கு இதுவே கடினமான பகுதி. ‘நேற்று வந்த பையன்’ என்று விவரத்தைப் பெயருக்கு முன்னால் வைத்தே பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் பெயர் முதலில், விவரம் அதன் பின்னால். பெயரெச்சத்தைத் திருப்பிப் போடுவது என்று சொன்னால் தமிழ் இலக்கணம் படிக்கும் பிள்ளைக்குச் சட்டென்று புரியும்.

இரண்டு சிறு வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள்: ‘தி பாய் இஸ் மை நெய்பர். ஹி கேம் எஸ்டர்டே.’ இரண்டிலும் ஒரே ஆளைக் குறிக்கும் சொற்களை வட்டமிடச் சொல்லுங்கள், ‘தி பாய்’, ‘ஹி’. ‘ஹி’யை அடித்து ‘ஹூ’ எழுதட்டும். அந்தத் துண்டு முழுவதையும் ‘தி பாய்’க்கு ஒட்டியபடி பின்னால் கொண்டுவந்து வைக்கட்டும்: ‘தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே இஸ் மை நெய்பர்.’ முதலில் சீட்டில் செய்யுங்கள். தாளைக் கத்தரித்து நடுவில் செருகும்போது நன்றாக மனதில் பதியும்.

ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’, உடைமைக்கு ‘ஹூஸ்’, இடத்துக்கு ‘வேர்’. முதல் மூன்று நாள் ‘ஹூ’வும் ‘விச்’சும் மட்டும்.

அடிக்கப்பட வேண்டிய சொல் அடிக்கப்படாமல் நின்றுவிடும்: ‘தி புக் விச் ஐ பாட் இட் இஸ் குட்.’ ‘விச்’ வந்துவிட்டதால் ‘இட்’டுக்கு அங்கே வேலை இல்லை. இன்னொரு பக்கம், விவரம் நீண்டுபோய் முதன்மை வினையே மறந்துபோகும்: ‘தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே வித் ஹிஸ் ஃபாதர்.’ பையன் என்ன ஆனான்? ஒரு வினைமுற்றுக்கு ஓர் இணைப்பு இருக்கிறது, அதாவது இன்னொரு வினைமுற்று விட்டுப்போயிருக்கிறது. கணக்கு இதையும் பிடித்துக்கொடுக்கும்.

விவரம் பெயரிலிருந்து தள்ளிப் போனாலும் கோளாறுதான். ‘ஐ சா எ டாக் இன் தி பார்க் விச் வாஸ் பார்க்கிங்’ என்றால் பூங்கா குரைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ‘விச்’சுக்கு நேர் முன்னால் இருக்கும் பெயர் எது என்று கேட்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள்.

கமா எப்போது? விவரத்தை விரலால் மூடிவிட்டு, ‘யார் என்று இன்னும் தெரிகிறதா’ என்று கேளுங்கள். ‘மை மதர், ஹூ இஸ் எ நர்ஸ், வொர்க்ஸ் அட் நைட்’ என்பதில் மூடினாலும் யார் என்று தெரியும். அதனால் இரு பக்கமும் கமா. ‘ஸ்டூடன்ட்ஸ் ஹூ கம் லேட் மஸ்ட் வெயிட்’ என்பதில் மூடினால் எல்லா மாணவரும் காத்திருக்க வேண்டியதாகிவிடும், கமா கூடாது.

7. ‘என்று’ வரும் வாக்கியங்கள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ‘அவன் வருவான் என்று நினைக்கிறேன்’ என்பதில் ‘நினைக்கிறேன்’ கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அது தலைக்கு வரும்: ‘ஐ திங்க் தட் ஹி வில் கம்.’ ‘தட்’டை விட்டுவிட்டும் எழுதுவார்கள், ‘தி புக் ஐ பாட்’ என்று ‘விச்’சை விடுவதும் உண்டு. அப்போது கணக்கில் ஒன்று குறையும். மறைந்திருக்கும் இணைப்பையும் எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். பழகும்வரை பிள்ளை அதை விடாமல் எழுதுவதே நல்லது.

கவனிக்க வேண்டியது கேள்விச் சொல் உள்ளே வரும் வாக்கியம். ‘அவன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது’ என்பதை ‘ஐ டோன்ட் நோ வேர் டிட் ஹி கோ’ என்று எழுதுவார்கள். கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய்விட்டால் அது கேள்வி வடிவத்தை இழக்கும். ‘டிட்’ போய்விடும், எழுவாய் முன்னால் வரும்: ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி வென்ட்.’ தினமும் ஐந்து நேர்க் கேள்வியைக் கொடுத்து, ‘ஐ வொண்டர்’, ‘டெல் மீ’, ‘ஐ டோன்ட் நோ’ இவற்றின் பின்னால் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நான்கு நாளில் கைக்கு வந்துவிடும்.

காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்ற நான்காவது வகைக்குத் தனிப் பாடம் வேண்டாம். இரண்டு முதன்மை வாக்கியமும் ஒரு சார்பு வாக்கியமும் சேர்ந்தால் அந்த வகை. அடுத்த படியில் அது தானாக வந்துவிடும்.

8. சேர்த்தெழுதும் பயிற்சி

மூன்றாம் வாரத்திலிருந்தே ஒவ்வொரு வாரமும் ஐந்தாம் நாளை இதற்கு ஒதுக்குங்கள். என் கணிப்பில் இந்த எட்டு வாரத்திலும் அதிகப் பலன் தருவது இதுதான். சின்னச் சின்ன வாக்கியம் மூன்றோ நான்கோ கொடுத்து, அவற்றை ஒரே வாக்கியமாக மூன்று விதத்தில் எழுதச் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரத்தில் இரண்டு வாக்கியம் போதும். படிகள் ஏற ஏறக் கூட்டிக்கொண்டு போகலாம்.

உதாரணத்துக்கு: ‘தி பெல் ரேங். தி சில்ட்ரன் ரேன் அவுட். இட் வாஸ் ரெயினிங். தே ஹேட் நோ அம்ப்ரெல்லாஸ்.’

ஒரு விதம்: ‘வென் தி பெல் ரேங், தி சில்ட்ரன் ரேன் அவுட், பட் இட் வாஸ் ரெயினிங் அண்ட் தே ஹேட் நோ அம்ப்ரெல்லாஸ்.’ நான்கு வினைமுற்று, மூன்று இணைப்பு.

இன்னொரு விதம்: ‘ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், தி சில்ட்ரன், ஹூ ஹேட் நோ அம்ப்ரெல்லாஸ், ரேன் அவுட் வென் தி பெல் ரேங்.’ இதிலும் நான்கு, மூன்று.

மூன்றாவது: ‘அட் தி பெல், தி சில்ட்ரன் ரேன் அவுட் இன்டு தி ரெயின் வித்அவுட் அம்ப்ரெல்லாஸ்.’ ஒரே வினைமுற்று, இணைப்பே தேவையில்லை. நான்கு வாக்கியம் ஒரு சிம்பிள் வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. பிள்ளைகள் இதை எதிர்பார்ப்பதில்லை, பார்த்ததும் கண் விரியும்.

மூன்றையும் உரக்கப் படித்து, எதில் எது பெரிதாகத் தெரிகிறது என்று கேளுங்கள். முதலாவதில் மழையும் குடையில்லாததும் கடைசியில் நின்று கவலையாகத் தெரிகின்றன. இரண்டாவதில் மழையையும் பொருட்படுத்தாமல் ஓடியது தெரிகிறது. எதை அழுத்திச் சொல்ல வேண்டுமோ அதை முதன்மை வாக்கியத்தில் வைக்க வேண்டும் என்பது இப்படித்தான் பிடிபடும்.

வகை மாற்றும் தேர்வுக் கேள்விகளுக்கு இணைகளாகப் படிப்பது சுலபம். ‘இன் ஸ்பைட் ஆஃப் தி ரெயின், தே ப்ளேட்’ சிம்பிள். ‘இட் ரெயின்ட், பட் தே ப்ளேட்’ காம்பவுண்ட். ‘தோ இட் ரெயின்ட், தே ப்ளேட்’ காம்ப்ளெக்ஸ். இதேபோல ‘பிகாஸ் ஆஃப்’, ‘ஸோ’, ‘பிகாஸ்’ ஒரு வரிசை. ‘டூ…டு’, ‘வெரி…அண்ட் ஸோ’, ‘ஸோ…தட்’ இன்னொரு வரிசை. ‘இன் ஸ்பைட் ஆஃப்’, ‘பிகாஸ் ஆஃப்’ இரண்டுக்கும் பின்னால் பெயரோ ‘இங்’ வடிவமோதான் வரும், வினைமுற்று வராது. மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வித்தாளில் இன்னொரு குழப்பம் வரும். செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்று பிரிப்பது வேறு; சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று பிரிப்பது வேறு. முதலாவது நோக்கத்தைப் பொறுத்தது, இரண்டாவது அமைப்பைப் பொறுத்தது. ஒரு கேள்வி சிம்பிளாகவும் இருக்கலாம், காம்ப்ளெக்ஸாகவும் இருக்கலாம். கேள்வித்தாள் எதைக் கேட்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

9. பத்தி எழுதுவதும் திருத்துவதும்

எட்டாம் வாரம் நாளுக்கு ஒரு பத்தி, எட்டு வாக்கியம். நிபந்தனை மூன்று: அடுத்தடுத்த இரண்டு வாக்கியம் ஒரே சொல்லில் தொடங்கக் கூடாது, ஆறு சொல்லுக்கு உட்பட்ட வாக்கியம் ஒன்றாவது வேண்டும், சார்பு வாக்கியத்தோடு தொடங்குவது இரண்டாவது வேண்டும். எல்லாமே காம்ப்ளெக்ஸாக இருந்தால்தான் உயர்ந்த நடை என்று பிள்ளை நினைக்க ஆரம்பிக்கும். அந்த எண்ணத்தை வளரவிடாதீர்கள். இரண்டு நீள வாக்கியத்துக்குப் பின் வரும் ஒரு குட்டி வாக்கியத்துக்குத் தனி அழுத்தம் உண்டு. இருபத்தைந்து சொல்லைத் தாண்டினால் உடைக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

திருத்தும்போது பக்கம் முழுக்கச் சிவப்பாக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழை மட்டும். கமா வாரத்தில் எழுத்துப்பிழையைக் கண்டுகொள்ளாதீர்கள். பிழை இருக்கும் வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். அந்த வரியில் வினைமுற்றை ஒரு நிறத்திலும் இணைப்பை இன்னொரு நிறத்திலும் கோடிட்டு, எண்ணி, பிள்ளையே பிழையைக் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் திருத்திக் கொடுத்த வாக்கியத்தைப் பார்த்து எழுதுவதால் பயனில்லை. மூன்று நிமிடம் தேடியும் கிடைக்கவில்லையென்றால், எந்த வினைமுற்றுக்கு எழுவாய் எது என்று மட்டும் கேளுங்கள்.

கடைசி நாள் அந்தப் பழைய தாளை எடுத்து, அதே தலைப்பில் பழையதைப் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். பிறகு பத்து வாக்கியத்தை முன்பு எண்ணியது போலவே எண்ணி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வகைப் பிழை இன்னும் மூன்று முறைக்கு மேல் வருகிறதோ, அந்தப் படியை மட்டும் இன்னொரு வாரம் நடத்தினால் போதும். முழுத் திட்டத்தையும் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு நாள் சேர்த்தெழுதும் பயிற்சி ஒன்று, பத்தி ஒன்று. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் வகை மாற்றும் கேள்விகளை நாளுக்கு ஐந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.